கேட்டுக்கும் மணலுக்கும் நடுவில்

ஜூன் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் தொண்டைதான் போகிறது, எதுவானாலும் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள் என்று வக்கீலம்மா சொன்னதால் எழுதுகிறேன். 'நீங்கள்' என்று போடுவதும் அந்த மரியாதைக்காகத்தான். வேறு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

ஏற்பாடு என்னவென்று உங்களுக்கு மறந்திருக்கும். உங்களுக்கு எதுதான் நினைவிருந்தது? விவாகரத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை ஏரிக்கரை மணலில் நின்று நாம் போட்ட கூச்சலில், குடைக்கடியில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஐஸ்கிரீம்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பாப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று முடிவானது. மதியம் நான் அவளைப் பூங்காவின் பெரிய கேட்டில் விடுவேன், அவள் பூங்காவைக் கடந்து நடந்து மணலுக்கு உங்களிடம் வருவாள். ஐந்து மணிக்கு நீங்கள் அனுப்பினால் அதே வழியாகக் கேட்டுக்கு என்னிடம் வருவாள். நீங்கள் கேட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது, நான் மணல் பக்கம் வரக் கூடாது. பத்து வயதுப் பெண், அகலமான நடைபாதை, கால் மணி நேர நடை. இதில் என்ன குழப்பம்?

ஆனால் மூன்று வாரமாக நான் வெயிலில் காய்கிறேன். போன சனிக்கிழமை அவள் வந்து சேர ஆறு ஆகிவிட்டது. "ஏண்டி இவ்வளவு நேரம்?" என்றால், "அப்பா இப்பதான் அனுப்பினாரு" என்கிறாள். என் கையில் பிள்ளையைக் கொடுக்கும் நேரத்தில்கூட ஒரு மணி நேரம் திருடத் தோன்றுகிறதே உங்களுக்கு!

இன்னொன்று. காதில் ஆபரேஷன் ஆன பிள்ளை அவள். மணலில் வீடு கட்டட்டும், கோட்டை கட்டட்டும். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் நனையக் கூடாது. வலியில் அவள் துடித்த ராத்திரிகளில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நீங்கள் அப்போது போட்டிக்குப் பயிற்சி என்று நீச்சல் குளத்தில் இருந்தீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூன் 13

வாலுவின் அம்மாவுக்கு,

'நீங்கள்' என்று பார்த்ததும் தபால்காரர் வீடு மாறிக் கொடுத்துவிட்டாரோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அந்த நடிப்பெல்லாம் வராது. நான் 'நீ' என்றே எழுதுகிறேன்.

நான் உயிர்காக்கும் வேலையில் இருப்பவன். மதியம் வரை ஒரு காவல். சாயங்காலம் ஐந்திலிருந்து இருட்டும் வரை இன்னொரு காவல். நடுவில் கிடைக்கும் இடைவேளைதான் வாலுவுக்கும் எனக்கும். ஐந்து அடிக்கும்போது நான் உயர நாற்காலியில் ஏறி விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மேற்பார்வையாளர் தோலை உரித்துவிடுவார். அதனால் ஐந்துக்கு முன்பே அவளை அனுப்பிவிடுகிறேன். சந்தேகமிருந்தால் என்னோடு காவல் பார்க்கும் மொட்டையைக் கேட்டுக்கொள். அவனுக்கு உன்னைக் கண்டால் பயம், பொய் சொல்லமாட்டான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சமையலறைக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் திருப்பி வைத்துவிட்டு, உலகமே தாமதமாக வருகிறது என்று பல வருடம் திட்டிய ஆள்தானே நீ! முதலில் உன் கைக்கடிகாரத்தைப் பழுது பார்.

தண்ணீர் விஷயம் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. காரணம் உனக்கே தெரியும்.

வாலுவின் அப்பா


ஜூன் 23

பாப்பாவின் அப்பாவுக்கு,

'காரணம் உனக்கே தெரியும்' என்றீர்கள். தெரியவில்லையே என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். நேற்று தெரிந்துவிட்டது.

நான் ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பது நினைவிருக்கிறதா? நாள் முழுக்க மற்றவர்கள் நனைத்த துண்டுகளோடுதான் என் பிழைப்பு. நேற்று பாப்பாவின் பையிலிருந்து துண்டை எடுத்தேன். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஆனால் முகர்ந்தால் பாசி வாடை, ஏரி வாடை. நீச்சல் உடை பைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக் கிடந்தது. அதை நான் வாங்கித் தரவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருக்கிறது, பின்னங்கழுத்தில் வேர் மட்டும் ஈரம்.

ஆக, பிள்ளையை ஏரியில் இறக்குகிறீர்கள். அப்புறம் எனக்குத் தெரியக் கூடாதென்று உட்கார வைத்துத் தலையைக் காய வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அனுப்புகிறீர்கள். கேட்டால் ஐந்து மணி, விசில், மொட்டை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வக்கீலம்மாவிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமையே வேண்டாம் என்று மனுப் போடப் போகிறேன். பிள்ளையைப் பார்க்க ஆசையிருந்தால் அலுவலக அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் அதிகாரியை வைத்துக்கொண்டு பாருங்கள்.

பாப்பாவின் அம்மா


ஜூன் 26

உனக்கு,

நீயே கொடுத்துவிட்டு நீயே பறிக்கிறாயா? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது உனக்குக் கைவந்த கலை!

நீந்த அனுமதி கொடுத்தது நீ. இரண்டாவது சனிக்கிழமை வந்ததும் வராததுமாக வாலு சொன்னாள்: "அப்பா, அம்மா சரின்னுட்டாங்க. ஆனா நீங்க அதைப் பத்தி எதுவும் எழுதாதீங்க. எழுதினா, தான் ஜெயிச்சிட்டதா நினைக்கிறாருன்னு கோபம் வந்து வேணாம்னுடுவாங்க." உன்னை எனக்குத் தெரியாதா? அச்சு அசல் நீ செய்யக்கூடிய வேலைதான் அது. முழங்கால் கணக்கு எழுதியதைக்கூட வக்கீலம்மாவுக்காகப் போட்ட நடிப்பு என்றே நினைத்தேன். அதனால்தான் நன்றியைக்கூட விழுங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். இப்போது அதையே வைத்து என்னைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய்.

ஆமாம், நீச்சல் உடை நான் வாங்கியதுதான். ஆமாம், நீந்துகிறாள். எப்படி நீந்துகிறாள் என்று நீ பார்க்க வேண்டும். முதல் வாரம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியவள், இப்போது மிதவைக் கயிறு வரைக்கும் தனியாகப் போய்த் திரும்புகிறாள். காது ஆறி ஒரு வருடம் ஆனதும் காதில் அடைப்பான் வைத்து நீந்தலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். உனக்கு 'கூடாது' என்ற பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. காதுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியது யாருக்கு?

தலையை நான் காய வைக்கவில்லை. சொட்டச் சொட்டத்தான் அனுப்புகிறேன், ஐந்துக்கு முன்பாக. மனுப் போடு. நானும் போடுகிறேன்.

வாலுவின் அப்பா


ஜூன் 30

நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. அதனால் நேற்று சலவைப் பிரிவில் விடுப்புச் சொல்லிவிட்டு, பாப்பாவைக் கேட்டில் விட்டதும் பஸ் ஏறாமல், சாயங்காலம் வரை பூங்காவுக்குள்ளேயே இருந்தேன். உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். அதை ஒளிக்க எனக்கென்ன?

அந்தப் பூங்காவை நான் இதுவரை கேட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் புல்வெளியும் நேரான பாதையும்தான் தெரியும். உள்ளே போனால் பாதை நேராக இல்லை. பந்து விளையாடுகிறார்கள், சைக்கிள்கள் மணிகூட அடிக்காமல் பறக்கின்றன. அதைத் தாண்டினால் பாதை வளைகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர், நடுவில் தோட்டக்காரர்கள் பூந்தொட்டி அடுக்கி வைக்கும் கொட்டகை, எதிரே ஒரு பெஞ்சு. அங்கே நின்றால் கேட்டும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. ஏரியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. நான் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஐந்தடிப்பதற்கு முன்பே பாப்பா வந்துவிட்டாள். தனியாக, தலை சொட்டச் சொட்ட. நீங்கள் எழுதியது உண்மைதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் பையை வைத்தாள். நீச்சல் உடையைப் பிழிந்து பெஞ்சின் முதுகில் விரித்தாள். துண்டை வெயில் விழும் பக்கமாகப் புதர்மேல் போட்டாள். பிறகு குனிந்து, முடியை முன்னால் தொங்கவிட்டு விரலால் கோதிக் கோதிக் காய வைத்தாள். வீட்டுப் பெண்மணி மாதிரி அவ்வளவு பழக்கமாகச் செய்தாள். எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அதையெல்லாம் செய்தாள். எனக்கு அழுகை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு ஆள் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். வயது ஐம்பது இருக்கும், வெள்ளைத் தொப்பி. பெஞ்சில் இடம் இல்லாத மாதிரி அவள் பையைத் தள்ளிவிட்டு நெருங்கி உட்கார்ந்தான். "தனியா இருக்கியேம்மா, கூட யாரும் வரலையா?" என்று கேட்டான். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "அந்தப் பக்கம் எங்கம்மா நிக்கிறாங்க. இந்தப் பக்கம் எங்கப்பா உயரமா உக்காந்திருக்காரு. ரெண்டு பேருக்கும் நான் நல்லா தெரியறேன்."

நான் கொட்டகையிலிருந்து வெளியே வந்தேன். எதற்கு ஒளிந்தோம் என்பதே மறந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து, வெயில் அதிகம் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டான். நல்லவனோ கெட்டவனோ, எனக்குத் தெரியாது. பாப்பா என்னைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அப்பா என்னைத் தண்ணில இறங்கவே விடலம்மா." பெஞ்சில் நீச்சல் உடை சொட்டிக்கொண்டிருக்கிறது!

அந்த வாக்கியத்தை அந்த ஆளிடம் அவள் முதல் முறையாகச் சொன்ன மாதிரி இல்லை. அதனால் கேட்கிறேன். மாடி உயர நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் பார்க்கிறாய் நீ? பெற்ற பிள்ளை புதருக்கு நடுவே நுழைவதும் வெளியே வராமல் இருப்பதும் உன் கண்ணில் படவில்லையா? உன்னை நம்பித்தானே அவளைக் கேட்டில் விட்டுவிட்டுப் போகிறேன்!


ஜூலை 2

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அந்த ஆள் எப்படி இருந்தான்? தொப்பி தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லையா? அவளைத் தொட்டானா? இதையெல்லாம் எழுதாமல் புதர் எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கிறாய்.

உயிர்காப்பவன் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருப்பார்கள்? ஏரியைப் பார்த்துத்தான். பூங்கா என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீரில் கூட்டம் இருக்கும்போது நான் திரும்பிப் பார்த்தால், அந்த ஒரு நொடியில் யாரோ ஒருவருடைய பிள்ளை போய்விடும். அவள் வந்து நாற்காலிக் காலைத் தட்டினால்தான் வந்தது எனக்குத் தெரியும். ஐந்துக்குச் சற்று முன் நான் மறுபடி மேலே ஏறியதும் "போய்ட்டு வரேம்ப்பா" என்பாள். நான் கையை மட்டும் தூக்கிக் காட்டுவேன். இது என் வேலை. உனக்கு இது தெரியாதா? எத்தனை கோடை என்னோடு குடித்தனம் நடத்தினாய்?

நீ கேட்டில் நின்று அவள் மணலைத் தொடும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். அவளை விட்டதும் பஸ்ஸுக்கு ஓடுகிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. தாயைப் போலப் பிள்ளை என்பார்கள். பொய்யை அவள் யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நீ என்னைக் காட்டுவாய்.

இனி அவள் அந்தப் பாதையில் தனியாக ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. நான் வர முடியாது, அவள் வரும்போதும் போகும்போதும் நான் காவலில் இருப்பேன், கோடைச் சனிக்கிழமையில் மொட்டையைத் தனியாக விட்டுவிட்டு இறங்கினால் வேலை போய்விடும். நீயே மணல் வரை கூட்டிக்கொண்டு வா. நான் உன்னோடு பேசமாட்டேன். உன் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்.


ஜூலை 5

வருகிறேன். உங்களுக்காக இல்லை.

இன்று காது டாக்டரிடம் காட்டினேன். சவ்வு நன்றாக மூடியிருக்கிறதாம், அடைப்பான் வைத்து நீந்தலாமாம். பக்கத்தில் இருந்த பாப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இதை உங்கள் வெற்றி என்று நினைத்துக் குதிக்க வேண்டாம். நாளைக்கு அடைப்பான் நானே வாங்கி வருவேன். நீங்கள் வாங்கித் தந்ததெல்லாம் வேண்டாம். அது என்ன ரகமோ, எந்தக் கடைச் சரக்கோ.


ஜூலை 7

நேற்று நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். நீ எழுதினால் வேறு மாதிரி எழுதுவாய்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கியபோது நீங்கள் இருவரும் குடை வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். நீ வேலைக்குப் போடும் கறுப்புச் செருப்பை மணலில் போட்டுக்கொண்டு, யாரோ அடித்து இழுத்து வந்த மாதிரி நின்றாய். பேசுவதில்லை என்று எழுதியிருந்தேன், பேசவும் இல்லை. நான் பையிலிருந்து அடைப்பானை எடுத்தேன், நீயும் எடுத்தாய். முதலில் பேசியது நீதான். "அது பெரியவங்க சைஸ், கண்ணு தெரியலையா?" என்றாய். "உன்னோடது மெழுகு, தண்ணில கழண்டுரும். ஏரியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே" என்றேன். அப்புறம் அடைப்பானிலிருந்து ஆபரேஷனுக்குப் போய், ஆபரேஷனிலிருந்து போட்டிக்குப் போய், உன் அண்ணன் கல்யாணத்துக்கு நான் வராதது வரைக்கும் போய்விட்டோம். குடைக்கடியில் இருந்தவர்கள் மறுபடியும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நடுவில் வாலு உன் கையிலிருந்து ஒன்று, என் கையிலிருந்து ஒன்று என்று பிடுங்கிக்கொண்டதை நான் கவனித்தேன். ஒரு காதில் உன்னுடையது, ஒரு காதில் என்னுடையது. "நீங்க சண்டை போட்டு முடிச்சிட்டு வாங்க. நான் தண்ணில இருக்கேன்" என்றாள். நாம் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். நீயும் ஆட்டினாய், நான் பார்த்தேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

"எங்க அவ?" என்று நீ கேட்டபோதுதான் ஏரிப் பக்கம் திரும்பினேன். எங்கே பார்த்தாலும் தலைகள். தலைகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆயிரம் தலை இருந்தாலும் எது தடுமாறுகிறது என்று சொல்லிவிடுவேன். என் பெண்ணின் தலை எது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எந்தப் பக்கமாக இறங்கினாள், என்ன நிறத் தொப்பி போட்டிருந்தாள், எதையும் நான் பார்க்கவில்லை. நீ கத்தினாய், நானும் கத்தினேன். அவள் திரும்பவில்லை. எப்படித் திரும்புவாள்? நாம்தானே காதை அடைத்து அனுப்பினோம்! நீ செருப்போடு தண்ணீருக்குள் நடந்தாய். உனக்கு நீந்தத் தெரியாது. இடுப்புவரை போய்விட்டாய். என் கால் நகரவில்லை. எந்தத் திசையில் பாய்வது என்றே தெரியாமல் நின்றேன். இவ்வளவு வருட வேலையில் ஒரு நாளும் எனக்கு அப்படி ஆனதில்லை.

மொட்டைதான் நாற்காலியிலிருந்து கையைக் காட்டினான். மிதவைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி. நான் நீந்திப் போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, ஒரு அடைப்பானை எடுத்துவிட்டு, "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஏண்டா கூப்பிட்டா திரும்பல?" என்றேன்.

"இதைப் போட்டா நீங்க பேசறது கேக்கல. நல்லா இருக்குப்பா" என்றாள்.

இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. நீ தண்ணீரில் நின்றுகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய்.


ஜூலை 10

மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. என் அண்ணன் கல்யாணத்துக்கு நீ வராததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். செருப்பும் போச்சு.

வீட்டுக்கு வந்தும் அவள் அந்த அடைப்பானை எடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதும் காதில் இருந்தது. "எடு பாப்பா" என்று சைகை காட்டினேன். "இப்ப யாரைத் திட்டப் போறீங்க?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு காதில் இருந்ததை மட்டும் எடுத்தாள்.

இனி வாராவாரம் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவைக் கடந்து மணலுக்கு வருவேன். சாயங்காலமும் நானே வந்து கூட்டிப்போவேன். நீ அங்கே இருப்பாய், நான் அங்கே இருப்பேன், வேறு வழியில்லை. நம்மால் சண்டை போடாமல் இருக்க முடியாது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அவளுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்துத் திட்டாதே, நானும் உன் முகத்தைப் பார்க்கமாட்டேன். என்ன திட்டுவதானாலும் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே திட்டுவோம்.